பலகையின் கடைசி வரி

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்துச் சிற்றூரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்த எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. தகப்பனார் இளவயதிலேயே போய்விட, ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு எங்கள் நால்வரையும் கரையேற்றியவர் அவர். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. என்னையும் வாத்தியாராக்கி, பல்லடம் பக்கம் தாம் வேலை பார்த்த பள்ளியிலேயே சேர்த்துவிட்டார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

பள்ளியின் மேனேஜர் தறிக்கூடம் வைத்திருந்தவர். ஒருநாள் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "தறியில எத்தன கஜமோ அத்தன கூலி. இனி உங்களுக்கும் அப்படித்தானுங்க. பாஸாகற பிள்ளைகளப் பாத்துத்தான் சம்பள உசர்வு." யார் முதல், யார் கடைசி என்று வராந்தாவில் பலகையும் மாட்டுவாராம்.

அக்கா மட்டும் கேட்டார்: "தறியில ஓடற நூலு, பருத்தி எடுக்கப் போறதில்லீங்க. எங்க பிள்ளைக பள்ளிக்கூடத்த உட்டுட்டுப் போகுதுங்களே?"

"வாயில மட்டும் நீங்க பர்ஸ்ட் கிளாஸ், அம்மணி."

பருத்தி எடுக்கப் போகும் பிள்ளைகள் நிறைந்த 'பி' பிரிவு அப்போது என்னுடையது. பயத்தில் கரும்பலகை துடைக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டேன். சாயங்காலம் அக்கா முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, ஊட்டுக்காரி மாசமா இருக்கறா. 'பி'ய நீங்க வெச்சுக்கிட்டு உங்க 'ஏ'வ எனக்குக் குடுத்துருங்க."

"அதுக்கு ஏன் கண்ணு நடுங்கறே? எடுத்துக்க."

'ஏ' பிள்ளைகளின் வீட்டில் விளக்கு உண்டு, படித்த தகப்பனும் உண்டு. நான் தூங்கினாலும் தேறுவார்கள், தூங்கியும் பார்த்தேன். ஆண்டுதோறும் பலகையில் முதல் பெயர் என்னுடையது. அக்காவோ, பருத்தி முடிந்து திரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் விட்ட பாடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். கடைசிப் பெயர் அவருடையது. என் கையெழுத்து அழகு என்பதால், அந்தப் பெயரை எழுதியவனும் நானே.

அந்த முறை நியாயந்தான் என்று மேனேஜர் இன்றும் பேசுகிறார். எனக்குத் தூக்கத்துக்குக் கூலியும் அக்காவுக்கு உழைப்புக்கு அவமானமும் கொடுத்த முறை அது. நானே சாட்சி.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அக்கா கடைசி நாட்களைக் கழித்தபோது, 'பி' பிரிவில் படித்தவர்கள் முறைவைத்துக் காவலிருந்தார்கள். என் 'ஏ' பிரிவிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் அழுது மன்னிப்புக் கேட்டேன்.

"உன்ற எழுத்து முத்து முத்தா இருந்துச்சு கண்ணு" என்றார். திட்டியிருக்கலாம்.

காவலிருந்தவர்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அவர்களுடைய தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்று தலைமை தாங்கிப் பேச ஒப்புக்கொண்ட மேனேஜர் அவர்களுக்கும் நன்றி. பள்ளியின் விறகுக் கொட்டகையில் கிடந்த அந்தப் பலகையைத் திருடிவந்து, புதிதாக எழுதி இந்த நினைவுநாள் பந்தலில் மாட்டியிருக்கிறேன். முதல் வரியில் அக்கா. கடைசிக்கு முந்திய வரியில் நான். கடைசி வரியில் யார் என்பதை மேனேஜர் தம் நாற்காலியிலிருந்தே நன்றாகப் படிக்கலாம். இந்த முறையும் எழுத்து அழகாகவே வந்திருக்கிறது. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்திருக்கிறேன், குடிக்கிற தண்ணீர்தான்.