வாசற்படியில் நின்ற சப்பாத்துகள்

எழுபதுகளில் சரக்குக் கப்பலில் வேலை செய்த எங்களுக்கு, பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் நகரைச் சுற்றிப் பார்க்க ஒரேயொரு பகல் கிடைத்தது. கூட வந்தவர் கிண்ணியா முஸ்லிம், கப்பலில் சமையல். நான் கத்தோலிக்கன். முதலில் பெரிய மாதா கோயிலுக்குப் போவோம் என்றேன்.

திருகோணமலையில் செய்வதுபோல வாசற்படியிலேயே சப்பாத்தைக் கழற்றினேன். அவரும் கழற்றினார்.

"அல்லாட வீடெண்டாலும் மாதாட வீடெண்டாலும் சப்பாத்தோட போக ஏலாது" என்றார்.

உள்ளே அத்தனை பேரும் சப்பாத்தோடுதான் நடந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மரியாதை கெட்ட சனம்! கல் தரையின் குளிரில் கால் விறைத்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு கோபத்தோடே வெளியே வந்தேன்.

வெளியே நல்ல மழை. முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மா, தான் நனைந்துகொண்டு எங்கள் சப்பாத்துகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் குடையை வாங்கி அவருக்கே பிடித்தபடி வீடுவரை கூட்டிப்போனோம். கோப்பி குடித்துவிட்டுப் போகும்படி சைகை காட்டினார். பார்க்க நினைத்த மற்ற இடங்களை மறந்துவிட்டு, அவர் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம்.

எங்கள் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், சுவரைப் பிடித்துக் குனிந்து, தன்னுடையதையும் கழற்றினார்.