தூக்கம் வந்த இடம்

"நேத்து கிளாஸ்ல எந்த எடத்துல தூக்கம் வந்துச்சி?"

பேருந்துக் கம்பியைப் பிடித்தபடி, முன் இருக்கைக்காரனின் தோளைப் பேனாவால் தட்டி ஜெயசுதா மேடம் இப்படித்தான் தொடங்குவார். கல்லூரி வாசலில் ஏறினால் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் வரும்வரை எந்த மாணவனும் தப்ப முடியாது. பாடம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கமாட்டார். கேட்டால் "சூப்பர் மேடம்" என்பார்கள். தூக்கம் வந்த இடத்தைக் கேட்டால் பொய் சட்டென்று வாயில் வராது.

"படிகம் வரஞ்சீங்களே, அங்க மேடம்" என்றான் கலையரசன் ஒருநாள்.

"வரையும்போதா, அதுக்கு முன்னாடியா?"

"நீங்க சாக்பீஸ் எடுக்கும்போதே மேடம்."

நடத்துநர் உட்படப் பேருந்தே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "எடுக்கும்போதேவா" என்று முணுமுணுத்துக்கொண்டார். மறுநாள் அவர் மேசையில் சாக்பீஸ் இல்லை. உருளைக்கிழங்கும் கத்தியும் இருந்தன. படிகத்தின் முகங்களை ஆளுக்கொரு கிழங்கில் செதுக்கினார்கள். யாரும் தூங்கவில்லை.

நிலவியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். டீக்கடையில் டீ வருவதற்குள் மேசைப் பலகைக் கல்லை விரலால் தேய்த்து, "இது நம்மூரு கல்லு இல்ல" என்பார். சந்தேகமான கல் கிடைத்தால் நாக்கு நுனியால் தொட்டு ஈரமாக்கி வெயிலில் திருப்பிப் பார்ப்பார். ஈரம் பட்டால்தான் கல் தன் நிறத்தைச் சொல்லுமாம். அதைப் பார்த்துவிட்ட நடத்துநருக்கு இன்னும் அவர்மேல் ஒரு சந்தேகம் உண்டு.

பருவ முடிவில் மாணவர்கள் கருத்துச் சொல்லப் பல்கலைக்கழகம் ஓர் இணையப் படிவம் அனுப்பும். துறையின் தற்காலிகக் கணினிப் பணியாளன் என்பதால் வந்த பதில்களை அச்செடுத்துக் கொடுப்பது என் வேலை. எல்லாவற்றிலும் ஐந்து நட்சத்திரம். 'குறைகள்' என்ற இடத்தில் 'குறை இல்லை மேடம்', 'நீங்க தெய்வம் மேடம்'.

"வானத்துல கூட இவ்ளோ நட்சத்திரம் இல்ல. இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போவார்.

அவருக்குப் பிடித்த வகுப்பு கட்டடத்தில் நடப்பதில்லை. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறும் சாலையில், வளைவொன்றில் சாலைக்காக அறுத்து விட்ட பாறைச் சுவர் நிற்கிறது. எண்ணெய் தடவியது போன்ற கருநீலம். வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களை அதன்முன் நிறுத்திப் பேசும்போது அவர் குரல் தணிந்துவிடும், யாரோ உறங்குகிற அறைக்குள் பேசுவதுபோல.

இந்த ஆண்டுப் பயணம் முடிந்த திங்கட்கிழமை, பேருந்தில் வழக்கமான கேள்வி தேவதர்ஷினியிடம் போயிற்று. முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்கிற பெண்.

"மலையில மேடம்" என்றாள்.

"மலையிலயா? எந்த எடத்துல?"

"அந்தப் பெரிய பாறகிட்ட."

மேடத்தின் கை கம்பியிலிருந்து இறங்கியது. "அவ்ளோ போர் அடிச்சனா?"

"ஐயோ, இல்ல மேடம். தலவலி. கண்ணத் தொறக்க முடில."

"வெயிலா?"

அவள் பையன்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்து மேடத்தின் காதருகே சாய்ந்தாள். பின்னிருக்கையில் இருந்த எனக்குக் கடைசி வரி மட்டும் கேட்டது: "பொண்ணுங்க யாருமே காலைல இருந்து தண்ணி குடிக்கல மேடம். குடிச்சா எங்க போறது?"

அன்று அவர் வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் முதல் ஆய்வகத்திலும் படிக்கட்டிலும் மாணவிகளைத் தனித்தனியாக நிறுத்திக் கேட்டார். படித்து முடித்துப் போனவர்களைத் தொலைபேசியில் பிடித்தார். எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்.

"நானும்தான் குடிக்கிறதில்ல" என்றார் என் மேசையருகே நின்று, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல். "எனக்குப் பழகிப்போச்சி. அதான் கேக்கணும்னே தோணல."

துறைத்தலைவர் நல்ல மனிதர். "அஞ்சு ஸ்டார அப்படியே அனுப்பிடும்மா. இத எழுதினா வசதி இல்லன்னு டிரிப்பையே எடுத்துடுவாங்க. அப்புறம் நீ போர்டுலதான் மலைய வரையணும்" என்றார். மேடம் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தார். களப்பயணத்தில் மாணவிகளுக்குக் கழிப்பறை இல்லை என்று பல்கலைக்கழகத்துக்குப் போகும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். 'போதிய கழிப்பறை வசதி' என்று அடித்தேன். "'போதிய'ங்கறத எடுங்க. ஒண்ணுமே இல்ல."

தலைவர் பயந்ததுபோலவே பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. கழிப்பறைக்கு ஓர் இடத்தைக் காட்டினால் பயணம். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு முதல் நிறுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் அந்த மலைச்சாலையில் போகும் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினார். கைப்பேசியில் படமெடுக்க நான் கூடப் போனேன். பாறைச் சுவரைத் தாண்டியபோது அவர் தலை திரும்பவில்லை. சாலையோரக் கட்டடங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கிக் கேட்ட முதல் இடத்தில் கழிப்பறைக்குள் விறகு அடுக்கியிருந்தது. அடுத்ததற்குப் பூட்டு இருந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. திரும்பி நடந்து, பாறை வளைவுக்குச் சற்றுமேலே டீக்கடை வைத்திருக்கும் இருசம்மாளிடம் வந்தோம். கடைக்குப் பின்னால் அவர் வீட்டுக்குப் புதிதாகக் கட்டியது ஒன்று இருந்தது.

"இன்னா மேடம், வருசா வருசம் கல்லு பாக்க வருவீங்க. இந்த வருசம் கக்கூசு பாக்க வந்துட்டீங்க?"

"பொண்ணுங்களுக்குக்கா. வந்தா வுடுவீங்களா?"

"வுடறதுக்கு இன்னா? தண்ணிய மட்டும் கீழ கொழாயில இருந்து தூக்கிக்கினு வரணும். அந்த ஆம்பளப் பசங்கள தூக்கச் சொல்லுங்க. சும்மாதான நின்னுக்கினு போட்டா புடிக்கிறானுங்க."

மேடம் சிரித்தார். செருப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். நான் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினேன். தகரக் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம். திறக்கும் சத்தம். மறுபடி விழும் சத்தம்.

"அக்கா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வெளியில இருந்து தள்ளுங்க. நல்லா தள்ளிப் பாருங்க."

இருசம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு அசையவில்லை.

"இன்னொருவாட்டி" என்றது குரல்.