மைக்குல வச்ச பேரு

...அவ பேசுனா பேசிட்டுப் போறா, விடு ஜெய்னம்பு. துபாயில இருக்குற ஒன் மவன் புள்ளைக்கு இன்னும் பேரு சொல்லி அனுப்பலன்னா எதுத்த வூட்டுக்காரிக்கு என்னா வந்துச்சு? எங்க வூட்டுல எந்தங்கச்சிய ஏழு மாசம் பேரு இல்லாம வச்சிருந்தோம். கொழாயில தண்ணி வர்ற வரைக்கும் எதுக்குன்னு கேளு. ஒரு வக்கீலு வரணும்னு!

சிரிக்காத. லேசுப்பட்ட வக்கீலா அவரு? தென்னங்கீத்து முடையறவங்க வூட்டுப் புள்ள. ஒரு பக்கம் கீத்த முடைஞ்சுகிட்டே மறுபக்கம் புஸ்தகத்தப் பாத்துப் படிச்சவராம். நெட்டைன்னா அப்புடி ஒரு நெட்டை, எங்க வூட்டு வாசல்ல குனிஞ்சு வந்தாலும் நெத்தி இடிக்கும். குத்தகைக்காரங்க கேஸுன்னா பீஸே வாங்க மாட்டாரு. கொல்லையில காய்ச்ச பூசணிக்காயக் குடுத்தா தோள்ல தூக்கி வச்சுகிட்டுப் பஸ் ஏறிடுவாரு. அந்தப் பூசணிக்காயி இப்ப எங்க கெடைக்குது, எல்லாம் தண்ணியா இருக்கு. என்ன சொன்னேன்? ஆங், வக்கீலு. அந்த வருசம் கறுப்புக் கோட்டக் கழட்டி வச்சுட்டு எலெக்சன்ல நின்னாரு. கட்சித் தலைவருங்க கையில புள்ளையக் குடுத்து, மேடையில தமிழ்ப் பேரு வாங்குறது அப்ப ஒரு வழக்கம்.

எங்கப்பா மிராசுதாரு நெலத்துல அஞ்சு மா குத்தகைக்குப் பண்ணுனாரு. "ஒன் பேரு எந்தப் பேப்பர்லயும் இல்ல, ரெண்டாம் போகம், தாளடி அறுப்புக்கு வயல்ல எறங்காத"ன்னு மிராசுதாரோட காரியக்காரரு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்பா அம்மாகிட்ட, "புள்ளைக்குப் பேரு வைக்கறப்ப யாரு புள்ள, எந்த வயலுன்னு வக்கீலு மைக்குல சொல்லிடுவாரு. ஊரு காதுல ஒருதரம் விழுந்துட்டா அந்த ஆளு வரப்புல கால வைக்க யோசிப்பான்"னாரு. நானும் கேட்டுகிட்டுதான் இருந்தேன். எனக்கு ஏழு வயசு. பேரு, மைக்கு, மாலை, இதுதான் காதுல ஏறுச்சு. வயலு ஏறல.

வயிறு எரிஞ்சுது ஜெய்னம்பு! எனக்கு முன்னாடி பொறந்தது ரெண்டும் தங்கலன்னு, என்னைய குப்பமேட்டுல உருட்டி எடுத்துக் குப்பம்மான்னு பேரு வச்சாங்க. அவளுக்கு மட்டும் மைக்குல பேராம். ரோஸ் கவுனாம், பவுடராம். யாரும் பாக்காதப்ப தொடையில நறுக்குன்னு கிள்ளுவேன். வீல்னு கத்துனதும் நானே ஓடிப்போய் தொட்டில ஆட்டுவேன். "தங்கச்சி மேல என்னா பாசம்"னு எனக்கு நல்ல பேரு வேற!

மாசி மாசம் கூட்டம். அப்பா புள்ளையத் தூக்கிகிட்டு மேடை ஏறுனாரு, நான் வேட்டியப் புடிச்சுகிட்டுப் பின்னாடியே ஏறிட்டேன். வக்கீலு புள்ளைய வாங்கி, "வூட்டுல என்னன்னு கூப்புடுறீங்க?"ன்னாரு. அப்பா வாயத் தொறக்குறதுக்குள்ள நான் கத்துனேன்: "குப்பம்மா! அவளுக்கு அப்பவே வச்சாச்சு. எனக்குத்தான் பேரே இல்ல!"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. வக்கீலும் சிரிச்சாரு. புள்ளைய அப்பா கையில குடுத்துட்டு என்னையத் தூக்கிட்டாரு. "இந்த வாயாடிக்குத் தமிழரசின்னு பேரு வைக்கிறேன்!" ஒரே விசிலு. "ஐயா, என் வயலு..."ன்னு அப்பா கைய நீட்டுனாரு. யாரு கேக்குறா? அடுத்த ஊருக்கு நேரமாச்சுன்னு வக்கீலத் தள்ளிகிட்டுப் போய் ஜீப்புல ஏத்திட்டாங்க. ஓரமா சைக்கிளப் புடிச்சுகிட்டு நின்ன காரியக்காரரும் சிரிச்சுகிட்டே போனாரு.

பத்தே நாளு. லாரியில வெளியூரு ஆளுங்களக் கொண்டாந்து எறக்கி எங்க கதிர அறுத்துட்டாங்க. வக்கீலு செயிச்சு, மந்திரியாகி, மெட்ராசுக்குப் போயிட்டாரு. வேற வக்கீலப் புடிச்சு கேஸு நடத்தி, எனக்குக் கல்யாணம் ஆன வருசம் மூணு மா திரும்பி வந்துச்சு.

அப்பா ஒரு வார்த்த திட்டல. கதிர் போன அன்னைக்கு வாசல்ல உக்காந்துகிட்டு, "தமிழரசி, ஒரு சொம்புத் தண்ணி கொண்டா"ன்னாரு. எனக்குத் தல கால் புரியல, ஓடுனேன். தண்ணியக் குடிச்சுட்டு, தீட்டி வச்ச அருவாள எடுத்துக் கூரையில சொருகிட்டாரே, அது ஏன்னு அப்ப எங்க தெரிஞ்சுது?

அம்மாதான் கடைசிவரைக்கும் அந்தப் பேரச் சொல்லல. "குப்பம்மான்னு கூப்புட்டுத்தாண்டி எமன் கண்ணுல படாம ஒன்னைய வச்சிருக்கேன்"னு அழுவா. நல்ல பேரு எனக்குக் கெடைச்சுதுன்னு இவளுக்கும் வயித்தெரிச்சல்னு நெனச்சேன் பாரு!

எந்தங்கச்சிக்கு அப்பறம் யாரும் பேரே வைக்கல. இன்னைக்கும் ரேசன் கார்டுல பாப்பாதான், அவளுக்கே பேரன் பொறந்துட்டான்... அடியே, கொழாயில தண்ணி வந்துடுச்சு போலருக்கே! அங்க பாரு ஜெய்னம்பு, நம்ம பாப்பா எனக்கு முன்னாடி கொடத்தக் கொண்டாந்து வச்சுட்டா! தள்ளு, தள்ளு, நான் போறேன்.