ஓய்வு பெறுமுன் ஒரு கடனை அடைத்தல்

ஆசிரியருக்குச் சம்பளம் தவறாமல் வரும் என்பதை, ஆசிரியரைவிட அவருக்குக் கடன் கொடுப்பவர்கள் நன்கு அறிவர். சென்ற ஆண்டு ஜூன் இரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கே விளாங்குடியில் அனல் வீசியபோது, நானும் அதை அறிந்துகொண்டேன். ஓய்வு பெற ஓராண்டே இருந்தது. மகள் திருமணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனை அதற்குள் அடைக்காவிட்டால், ஓய்வூதியத்தில் பாதி தவணைக்கே போய்விடும். தவணை கட்டும் அன்பர்களே, கீழே வருபவற்றில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இராது.

வங்கியில்

அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே செலுத்தப் போனேன். மேலாளர் நாற்காலி கொடுத்தார், தேநீர் கொடுத்தார், பணத்தை வாங்கத்தான் மனமில்லை. முன்கூட்டிச் செலுத்துவதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்றார். கடனை அடைப்பதற்குமா கட்டணம் என்று கேட்டேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், இம்புட்டு ஒழுங்காக் கட்டுறீங்க. இன்னும் ரெண்டு லட்சம் கொடுக்கலாம்னு சிஸ்டமே சொல்லுது."

ஆசிரியர் அறையில்

சேமநல நிதிக்கு விதியைவிடக் கூடுதலாகச் செலுத்திவந்த சந்தாவைக் குறைத்து, மிஞ்சியதைக் கடனுக்குத் திருப்பினேன். சேமிப்புக்கு வரும் வட்டியைவிடக் கடனுக்குக் கொடுக்கும் வட்டி அதிகம். அந்த உற்சாகத்தில், கோரிப்பாளையத்திலிருந்து வரும் இளம் கணித ஆசிரியர் சிக்கந்தரிடம், "நீங்களும் இப்போதே திட்டமிட வேண்டும்" என்றேன். அவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர். விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"உங்களுக்குக் கடனை அடைச்சாப் பென்ஷன் மிஞ்சும் சார். எனக்கு எம்புட்டுப் பிடிக்கிறாங்கன்னு தெரியும், எம்புட்டுத் தருவாங்கன்னுதான் தெரியாது."

பழங்காநத்தத்தில்

கடனுக்கு ஒதுக்கியதையெல்லாம் மொய் தின்றது. ஒரு நண்பர் வீட்டுக் காதணி விழா. என் புதுமனை புகுவிழாவில் அவர் ஆயிரம் ரூபாய் செய்திருந்தார். நானும் ஆயிரமே நீட்டி, ஒரு கணக்காவது தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். மொய் எழுதுபவர் பேனாவை நிறுத்திவிட்டு, வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"சார், அவுக செஞ்சதை அப்படியே திருப்பிச் செஞ்சா உறவை முறிச்சுக்கிறீகன்னு அர்த்தம். கூட ஒரு ஐநூறு சேத்து எழுதிரட்டா?"

என் வீட்டில்

ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கையில் பார்த்தால், கடனில் பாதிகூடக் குறையவில்லை. என் மனைவியின் தம்பி பாண்டி, என் பேத்திக்குக் காதணி விழா வைத்து, ஊருக்குச் செய்ததைத் திரும்ப வாங்கச் சொன்னான். விழா வைத்து வசூலிப்பது என் கொள்கைக்கு முரண் என்றேன். மகளின் திருமண அழைப்பிதழிலேயே மொய்யைத் தவிர்க்குமாறு அச்சிட்டவன் நான் என்பதையும் நினைவூட்டினேன்.

"அதைத்தான் மாமா நானும் சொல்றேன். மக கல்யாணத்துல சொந்தக்காரன் மொய் வேணாம்னீங்க. இப்ப மாசாமாசம் பேங்க்குக்கு நீங்க மொய் செய்றீங்க."

பின்னர்

தை மாதத்தில் விழா நடந்தது. பந்திச் செலவு போக மிஞ்சியதைக் கொண்டு கடன் முழுவதையும் அடைத்தேன். முன்கூட்டிச் செலுத்துவதற்கான அந்தக் கட்டணத்தையும் செலுத்தினேன். ஓய்வூதியம் இப்போது பிடித்தமின்றி வருகிறது. வந்த மொய்யைக் கூடுதல் வைத்துத் திருப்பிச் செய்துவருகிறேன். கட்டணம் கட்டியேனும் இதை முன்கூட்டி முடித்துவிடலாம் என்றால், அவரவர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, காது குத்தும் வயதை எட்டும்வரை நான் காத்திருக்க வேண்டியிருக்கிறது.