கை நனைக்காத வீடு

நான் கல்யாணத் தரகன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தேன். தேயிலை கவ்வாத்து வெட்டும்போது சறுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. அதன் பிறகு இந்தத் தொழில். மூன்று தங்கைகளுக்கு மாப்பிள்ளை தேடி அலைந்ததில் எந்தத் தோட்டத்தில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துபோனது. தெரிந்ததை வைத்துப் பிழைக்கிறேன். எனக்கென்று பார்க்கவில்லை. கடைசித் தங்கைக்கு முடிந்தபோது எனக்கு நாற்பத்தாறு.

என்னிடம் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, குறையை முதலில் சொல்வேன். மாப்பிள்ளை குடிப்பான் என்றால் உட்காரும் முன்பே சொல்லிவிடுவேன். நல்லதைக் கடைசியில் சொல்வேன். அதுவரை எழுந்து போகாத வீட்டில் மேற்கொண்டு பேசலாம். இன்னொன்று, பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டேன். தேத்தண்ணி குடிப்பேன். சோறு, ரொட்டி தொடமாட்டேன். மாப்பிள்ளை பக்கத்து ஆள் பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தரகனுக்கும் அதேதான்.

ஒரே ஒரு தடவை தவறினேன். நல்ல மழை. ஸ்டேஷனிலிருந்து மேட்டில் நடந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை. பெண்ணின் அம்மா சூடாக ரொட்டியும் சம்பலும் கையில் கொடுத்தார். இரண்டு தின்றேன். மறுநாள் காலையில் லயம் முழுக்க அதே பேச்சு. "தரகரு கை நனைச்சிட்டாரு, முடிஞ்சிருச்சு."

அன்றைக்கு வேறொரு மாப்பிள்ளை வீட்டார் அதே பெண்ணைப் பார்க்க வேன் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். வழியில் செய்தி கேட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களை அனுப்பியவள் பண்டாரவளையில் இருந்த ஒரு தரகி. போனிலேயே தொழில் செய்கிறவள். கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே அந்த ரொட்டித் தரகரு?"

"தரகன்."

"ரெண்டு ரொட்டிக்கு ஒரு சம்பந்தத்த முடிச்சிட்டீங்களே. புரியாணி குடுத்தா என்ன செய்வீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பசிச்சுச்சு, தின்னேன். தப்புதான்" என்றேன்.

"தப்புன்னு சொல்லிட்டா சரியாப் போயிருமா?"

"போகாது."

முறைத்துவிட்டுப் போனாள். நான் ரொட்டி தின்ற வீட்டுப் பெண், என் மாப்பிள்ளையும் வேண்டாம், அவள் மாப்பிள்ளையும் வேண்டாம் என்று கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டது.

அப்புறம் நாலு வருஷம் போட்டிதான். நான் போகிற வீட்டுக்கெல்லாம் எனக்கு முன்னால் அவள் போனில் அனுப்பிய மாப்பிள்ளை போட்டோ போய்ச் சேர்ந்திருக்கும். "போன நம்பாதீங்க, வழுக்கத் தலையும் முடியோட வரும்" என்பேன். "அந்த அம்மாவுக்குக் கால்ல சேறு படாது" என்றும் சொல்வேன். அவள் விடுவாளா? "ரொட்டித் தரகரு வர்றாராம், அடுப்ப மூடுங்க" என்று குரல் பதிந்து அனுப்புவாள். நான் போய் நிற்கும்போது அதைப் போட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். அவளை எல்லோரும் அக்கா என்பார்கள். நான் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒருநாள் எங்கள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சராக இருக்கிற பிள்ளை என்னைத் தேடி வந்தது. தனக்கு மாப்பிள்ளை கொண்டுவர வேண்டுமாம். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். போனை எடுத்து ஒரு பையனின் படத்தைக் காட்டியது.

"இப்பிடி இல்ல. இவரே."

எல்ல என்கிற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமைக்கிற பையன். போனில் பழக்கமாகி இரண்டு வருஷம். காதல் என்றால் அப்பா வெட்டிப்போடுவார், பேசி முடித்த சம்பந்தம் என்றால் ஒத்துக்கொள்வார் என்றது. அன்று மாலை பண்டாரவளைக்காரி எனக்குப் போன் செய்தாள். அதுதான் முதல் தடவை.

"உங்க பக்கம் ஒரு டீச்சர் பொண்ணு இருக்குதானே?"

"இருக்கு."

"என் பக்கம் ஒரு எல்ல பையன் வந்து நிக்கிறான்."

"தெரியும்."

"பேசுவமா?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"யாரு சொல்லச் சொன்னா? கேட்டா சொல்லுவோம். கேக்காம எதுக்குச் சொல்லணும்?"

இரண்டு நாள் யோசித்தேன். பழகியது குறையா? குறை இல்லை என்று முடிவு செய்தேன். குறை இல்லாததை முதலில் சொல்ல வேண்டியதில்லை. சரி என்றேன்.

இரண்டு மாதம் சேர்ந்து அலைந்தோம். ஜாதகம் பார்க்கப் பதுளைக் கோயிலுக்கு ஒரே பஸ்ஸில் போனோம். ஐயர் ஏழு பொருத்தம் என்றார். "போதும். அவங்களுக்கு மிச்சத்தப் போன்ல பாத்தாச்சு" என்று என் காதில் சொன்னாள். சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டேன். குரல் பதிந்து அனுப்ப எனக்குக் கற்றுக்கொடுத்தாள். காலையில் போன் சத்தம் கேட்டால் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எடுப்பேன். தேத்தண்ணி ஆறிப்போகும். அவளை ஏன் அக்கா என்று கூப்பிடவில்லை என்று அப்போது தெரிந்தது எனக்கு.

பெண் பார்க்கும் நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கி லயத்துக்கு ஏறினார்கள். அவள் ஏறவில்லை. கீழே தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்றுவிட்டாள். இறங்கிப் போய்க் கேட்டேன்.

"வரலையா?"

"நீங்க போங்க. என்னன்னு போன்ல சொல்லுங்க."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"போன எதுக்கு வெச்சிருக்கேன்னு நெனச்சீங்க, ஸ்டைலுக்கா? தாலியறுத்தவ முன்னால வந்தா எந்த வீட்ல பேச்சு நடக்கும்? போன்ல மூஞ்சி தெரியாது, நெத்தி தெரியாது. பொழப்பு நடக்குது."

அவள் புருஷன் இறந்தது எனக்குத் தெரியும். இது தெரியாது. சேறு படாத கால் என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்.

மேலே போனேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன்.

"ஒக்காருங்க தரகரே" என்றார் பெண்ணின் அப்பா.

"மாப்பிள்ளை வீட்டுத் தரகர் கீழ நிக்கிறாங்க. அவங்க வந்தாத்தான் ஒக்காருவேன்."

மாப்பிள்ளையின் பெரியப்பா சொன்னார். "அது வராதுங்க. நல்ல காரியம் பாருங்க."

"அவங்க பேசினதுதான் இந்த நல்ல காரியம்."

முழங்கால் வலித்தது. பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டுப்போனால் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை கெடும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் உட்கார முடியவில்லை.

அப்போது டீச்சர் பிள்ளை தேத்தண்ணித் தட்டோடு வந்தது. தட்டை மேசையில் வைத்தது. யாருக்கும் கொடுக்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனது. திரும்பி வரும்போது பண்டாரவளைக்காரியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையின் அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியப்பா காற்று வாங்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே போனார். வடை வந்தபோது உள்ளே வந்துவிட்டார்.

நானும் உட்கார்ந்தேன். பேச்சு முடிந்தது. எல்லோரும் கை நனைத்தோம். சாப்பாட்டின் நடுவில் பெண்ணின் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். "ரெண்டு பேரும் ஏற்கனவே பழகினவங்க. நல்லத கடைசியிலதான் சொல்லுவேன்."

அவர் மென்றுகொண்டே, "தெரியும். சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு பண்டாரவளைக்குப் போனேன். சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. தேத்தண்ணி கொடுத்தாள்.

"என்ன விஷயம்?"

"ஒரு மாப்பிள்ளை இருக்கு."

"யாருக்கு? சரி, குறையச் சொல்லுங்க. நீங்க அதுலதானே ஆரம்பிப்பீங்க."

"அம்பத்திரண்டு வயசு. ஒரு முழங்கால் சரியில்ல. எட்டு வரைக்கும் படிப்பு. பேச்சு கம்மி. ரொட்டி கண்டா விடாது."

அவள் கையில் இருந்த போனைக் கீழே வைத்தாள்.

"நல்லது?"

"இன்னும் யோசிக்கல."

சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "ரெண்டாந்தரம் கட்டிக்கிட்டவன்னு தெரிஞ்சா எந்த வீட்ல என்னைக் கூப்பிடுவாங்க? பதினோரு வருஷமா இதுலதான் மகளப் படிக்க வெச்சேன்."

"உங்களக் கூப்பிடாத வீட்டுக்கு நான் நடந்து போறேன். என் காலு போகாத வீட்டுக்கு நீங்க போன் பண்ணுங்க."

"மக ஒத்துக்கணும்."

"ஒத்துக்கட்டும்."

"ஒத்துக்கலன்னா?"

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேன்."

அப்படியே போனேன். மூன்று ஞாயிறு. தேத்தண்ணி மட்டும் வந்தது. சோறு கொதிக்கிற வாசம் உள்ளே இருந்து வரும். தட்டு வராது. குடித்துவிட்டு எழுந்து வருவேன். அதற்குள் செய்தி பரவிவிட்டது. இரண்டு குடும்பம் அவளிடம் கொடுத்திருந்த படத்தை அழிக்கச் சொன்னது. அந்த இரண்டு வீட்டுக்கும் நடந்தேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். பாதி கிடைத்தது.

நாலாவது ஞாயிறு அவளுடைய மகள் இருந்தது. பதுளையில் ஒரு துணிக்கடையில் கணக்கு வேலை பார்க்கிற பிள்ளை. எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது.

"வீட்ல ரெண்டு தரகர் இருந்தும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பலியே."

"நேரா வந்திருக்கேன், பாத்துக்க."

பார்த்தது. நானும் தலையைக் குனியவில்லை.

"கல்யாண வீட்டுக்குப் போனா எங்கம்மா எங்க நிக்கும்?"

"நான் நிக்கிற எடத்துல."

"ஆளுங்க பேசுனா?"

"பேசட்டும். நான் ஒக்கார மாட்டேன்."

பிள்ளை எழுந்து சமையலறைப் பக்கம் திரும்பியது. "ம்மா, தேத்தண்ணி போடாத. சோத்தப் போடு."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. தட்டோடு அவள் வந்தாள். சோறு, பருப்பு, லீக்ஸ் வதக்கல், பொரித்த கருவாடு. ஒரு செம்பில் தண்ணீரும் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

செம்பை எடுத்துக் கையைக் கழுவினேன். பிசைந்து ஒரு வாய் தின்றேன்.

"எப்பிடி?" என்றாள்.

"கருவாட்டுல உப்பு கூட."

"வேற?"

"பருப்பு தண்ணியா இருக்கு."

"நல்லது எப்ப வரும்?"

"தட்டு காலியாகட்டும்" என்றேன்.

அவளும் ஒரு தட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள்.