அரைச் சுற்று பாக்கி

குழாய்க்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். வேறு நாலைந்து பேர் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களையெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். இவருக்குப் பெயரே தேவைப்பட்டதில்லை. அவர் கை வைத்த குழாய் மறுபடி ஒழுகியது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. யாராவது விளையாட்டுக்குச் சொல்லிவிட்டால்கூடப் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் உட்காருவார்.

அவர் மனைவி இதை வைத்தே அவரைக் கிண்டல் செய்வாள். "ஊர்க் குழாயை எல்லாம் இறுக்கி மூடத் தெரியுது. உங்க வாயை மூடத்தான் தெரியல." அவ்வளவு பேச்சு பேசின மனிதர் அவர். அவள் கண்ணை மூடிய பிறகு யாரிடம் பேசுவது? வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. முழங்கால் வலியால் கை கழுவும் தொட்டிக்கு அடியில் குந்த முடியாமல் வேலையையும் விட்டார். அதற்கப்புறம் காலையில் எழுந்தால் சாயங்காலம் வரை ஒரு முழுப் பகல் கிடக்கும். அதை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேர். மகள் தூரத்து ஊரில். வாரம் தவறாமல் போனில் முகம் காட்டுவாள். "விழுந்த பல்லைத் தாத்தாவுக்குக் காட்டுங்கடா" என்று அவள் இரட்டைப் பையன்களை இழுத்து நிறுத்துவாள். இரண்டு பேரும் ஈயென்று இளித்துவிட்டு ஒரே ஓட்டம். அவர்களைத் துரத்தப் போகிறவள் போனை மேஜையில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் போவாள். அவர் அவள் வீட்டு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போனை அணைக்கவும் மனசு வராது.

மகன் இதே ஊரில்தான். ஊரின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில், மூன்றாவது மாடியில் வீடு. மருமகள் நல்ல பெண். பேத்தி தங்கமான குழந்தை. யாரும் அவரை வராதே என்று சொன்னதில்லை. "எப்ப வேணா வாங்கப்பா, உங்க வீடுதானே" என்றுதான் மகன் சொல்வான். அந்த 'எப்ப வேணா'தான் வம்பு. எப்போது வேண்டுமானாலும் என்று சொன்னால் மனிதன் எந்தக் கிழமை கிளம்புவான்?

ஒரு தடவை கிளம்பியும் பார்த்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, சும்மா போனார். கதவைத் திறந்த மகன் முகம் வெளிறிப்போய், "என்னப்பா, என்ன ஆச்சு?" என்றான். கம்ப்யூட்டரில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த மருமகள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "மாமா, உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றாள். பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைப் போட்டதும் போடாததுமாக, "தாத்தா அழுதாரா?" என்று அம்மாவிடம் குசுகுசுவென்று கேட்டது. அவர் அசடு வழியச் சிரித்து, இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

ஆனால் குழாய் ஒழுகினால் கதையே வேறு! "அப்பா, நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று மகனே போன் செய்வான். மருமகள் அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைப்பாள். பேத்தி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பள்ளிக்கூடத்து வம்பு பூராவும் சொல்லி முடிக்கும். முழங்காலா? அன்றைக்கு மட்டும் அது எங்கே போகுமோ, வலிக்கவே வலிக்காது. வேலை முடிந்தாலும் விடமாட்டார். "தண்ணி ஓடிப் பாக்கணும்மா, உடனே சொல்ல முடியாது" என்று சாயங்காலம் வரை உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. அது தொட்டிக்கு அடியில் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு முறை பையில் புது ரப்பர் வாஷர் இல்லை. இருந்த பழசைப் போட்டுவிட்டு வந்தார். சில வாரத்திலேயே, "அப்பா, மறுபடி சொட்டுது" என்று போன். முதலில் அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார், தான் சீட்டியடித்துக்கொண்டு போவதை.

அப்புறம் என்ன, ருசி கண்டுவிட்டார். கை கழுவும் தொட்டிக்கு அடியில் தண்ணீர் வரும் குழாயில் ஒரு நட்டு உண்டு. கையால் முடுக்கி, அது நின்ற பிறகு ஸ்பானரால் ஒரு அரைச் சுற்று கொடுக்கவேண்டும். அந்த அரைச் சுற்றில்தான் வேலையே இருக்கிறது. அதை அவர் விட்டுவிட்டு வர ஆரம்பித்தார். உடனே ஒன்றும் ஆகாது. கொஞ்ச நாள் போனால் மெல்லச் சொட்டும். பக்கெட் வைப்பார்கள், அவரைக் கூப்பிடுவார்கள். திரும்பி வரும்போது உள்ளங்கை குறுகுறுவென்று இருக்கும். ஆயுசு முழுக்க செய்யாத துரோகத்தைச் சொந்த மகன் வீட்டில் செய்கிறோமே என்று நெஞ்சு குத்தும். என்ன செய்வது, தனிமை அதைவிட அதிகமாகக் குத்தியது.

இப்படியே ஓடியிருக்கும். ஒரு தடவை மருமகளின் அக்கா வீட்டுக்கு எல்லோருமாகப் போனார்கள். பக்கெட் வைக்க ஆள் இல்லாத வீட்டில் அந்த நட்டு மொத்தமாகக் கழன்றுகொண்டது.

விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவராக போன் செய்து, "என்னடா, குழாயெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டபோதுதான் மகன் மென்று விழுங்கினான். "அது வந்துப்பா... கொஞ்சம் தண்ணி போயிடுச்சு. இங்க பக்கத்துல ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். நீங்க அலையாதீங்க."

அலையாதே என்றால் அவர் கேட்பாரா? ஓடினார். அங்கே போய்ப் பார்த்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடைவழி முழுக்க ஈரம். தொட்டிக்குப் பக்கத்திலிருந்த மர அலமாரி உப்பிப்போய்க் கதவு மூட மறுத்தது. கீழ் வீட்டுக்காரர் தன் கூரை நாசமாகிவிட்டதென்று வாசலில் நின்று கத்தோ கத்தென்று கத்திவிட்டு அப்போதுதான் போயிருந்தார். பால்கனிக் கொடியில் துணிக்குப் பதிலாகக் காகிதங்கள் தொங்கின. பேத்தி சின்ன வயதிலிருந்து வரைந்து அலமாரியின் அடித்தட்டில் சேர்த்து வைத்திருந்த படங்கள். யானை எது, வீடு எது என்று தெரியாமல் எல்லாச் சாயமும் ஒன்றாக வழிந்திருந்தது.

"பரவால்ல தாத்தா, நான் வேற வரைஞ்சுக்கறேன்" என்றது குழந்தை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தொட்டிக்கு அடியில் புது பிளம்பர் படுத்திருந்தார். ஐம்பதை ஒட்டிய ஆள், நரைத்த மீசை. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல், "யார் சார் இதை மாட்டினது?" என்றார். "மத்த மூட்டெல்லாம் அசைக்க முடியல, அவ்ளோ சுத்தமான வேலை. இது ஒண்ணை மட்டும் கையால முடுக்கிட்டுப் போயிருக்காங்க. வேலை தெரிஞ்ச ஆளு இப்படி விடமாட்டானே."

மகன் முகத்தில் ஈயாடவில்லை. "பழைய வேலைங்க, விடுங்க" என்று சமாளித்தான். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டு, தணிந்த குரலில், "அப்பா, உங்களைக் குறை சொல்லல. வயசாகுதில்ல, கைல பலம் குறையும், மறதி வரும். இனிமே இதுக்கெல்லாம் உங்களைக் கூப்பிட்டு அலைய விடமாட்டேன்" என்றான்.

மறதியாம்! கை பலம் குறைந்துவிட்டதாம்! அவருக்குச் சுருக்கென்று வந்தது. வேண்டுமென்றேதான் விட்டேன்டா என்று சொல்லிவிட்டால் கையின் மானம் பிழைக்கும். ஏன் விட்டாய் என்று கேட்பானே, அதற்கு என்ன சொல்வது? என்னை யாரும் கூப்பிடுவதில்லை, அதனால் உன் வீட்டை ஒழுக விட்டேன் என்றா? ஈரப் படங்கள் அவர் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தன.

"ஆமாண்டா. முன்ன மாதிரி கை நிக்கல" என்றார்.

மருமகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். விளிம்பு வரை ததும்பிய கிளாஸை அவர் வாங்கிக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அடியிலிருந்து எழுந்து கை துடைத்துக்கொண்டிருந்த பிளம்பர் அந்தக் கையையே பார்த்தார்.

மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து குழாய் என்று ஒரு போன் வரவில்லை. "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா" என்று இரண்டு கேள்வி வரும், இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் போகும், முடிந்தது பேச்சு. மழைக்காலம் போய் வெயில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கூட, "என்னங்க, இப்பல்லாம் உங்க சத்தமே காணோம்?" என்று கேட்டுவிட்டார்.

ஒரு நாள் காலையில் அவர் தன் சமையலறைக் குழாயைக் கழற்றினார். உள்ளே இருந்த நல்ல வாஷரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழாயைத் திரும்ப மாட்டினார். சொட்டுச் சொட்டென்று விழ ஆரம்பித்ததும் மகனுக்குப் போன் செய்தார். "குழாய் ஒழுகுதுடா. எனக்குக் குனிய முடியல. ஒரு எட்டு வந்து பாக்கறியா?"

"ஐயோ, எனக்கு என்னப்பா தெரியும் அதெல்லாம்? அன்னைக்கு வந்தாரே, அவரையே அனுப்பறேன். நீங்க எதையும் தொடாதீங்க, வழுக்கி விழுந்துடப் போறீங்க."

வந்தார் அந்த நரை மீசைக்காரர். குழாயைத் திறந்து பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார். திரும்பிப் பார்த்தார். பெரியவரின் மெல்லிய சட்டைப் பைக்குள் கறுப்பாக வட்டமாக ஒன்று தெரிந்தது. மனிதர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

"டீ கிடைக்குமாண்ணே?" என்றார்.

பெரியவர் டீ போட்டார். ஒரு நிமிஷ வேலைக்கு வந்தவர் அரை நாள் உட்கார்ந்தார். பழைய பித்தளைக் குழாய்கள், வீட்டுக்காரர்களின் கஞ்சத்தனம், முழங்கால் வலி என்று பேச்சு எங்கெங்கோ போனது. பெரியவருக்குத் தொண்டை கட்டும் அளவுக்குப் பேச்சு. கடைசியில் பிளம்பர் எழுந்து, தன் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்துப் போட்டுக் குழாயைக் கையால் முடுக்கினார். ஸ்பானரை எடுக்காமல் பையை மூடினார்.

"அரைச் சுற்று பாக்கி வெச்சிருக்கேண்ணே. அடுத்த வாரம் இந்தப் பக்கம் வரும்போது பாத்துக்கறேன்."

தான் செய்ததை இன்னொருவன் தனக்கே செய்யும்போதுதான் பெரியவருக்கு அதன் முகம் தெரிந்தது. யாரோ ஒரு ஊரான் இரக்கப்பட்டு, வேலையைக் குறையாக விட்டுவிட்டுப் போகிறான். இப்படி ஆகிப்போச்சே என் பிழைப்பு என்று இருந்தது அவருக்கு.

"வேணாம் தம்பி" என்றார். "முழுசா இறுக்கிட்டுப் போ. வேலையைப் பாதில விட்டுப் போகாதே. டீ குடிக்கணும்னா நீ டீ குடிக்க வா."

பிளம்பர் ஸ்பானரை எடுத்து அரைச் சுற்று கொடுத்தார். சொட்டு நின்றது. அவர் போன பிறகு வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை.

பெரியவர் போனை எடுத்தார்.

"சரியாயிடுச்சாப்பா?" என்றான் மகன்.

"ஆயிடுச்சு. டேய், ஞாயித்துக்கிழமை நான் அங்க வரேன்."

"ஏன்ப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உங்களையெல்லாம் பாக்கணும். தனியா இருக்க முடியலடா." அதோடு விட்டிருக்கலாம். வாய் திறந்துவிட்டது, மூடவில்லை. "அந்த நட்டு இருக்கே, அது கை பலம் இல்லாம விட்டுப் போனதில்ல. நானேதான் விட்டேன். ஒழுகினா கூப்பிடுவீங்கன்னு."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. லைன் போய்விட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"எத்தனை தடவைப்பா?"

"எல்லாத் தடவையும்டா."

"ஞாயித்துக்கிழமை வாங்க. அந்தப் பையை எடுத்துட்டு வராதீங்க" என்றான் மகன். வைத்துவிட்டான்.

அது கோபமா, பாசமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஞாயிறு வரைக்கும் அதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது வழக்கம்போலப் பையை வைத்துக்கொள்ள இரண்டு கையும் மடிக்கு வந்தன. பை இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு பஸ் மாறவேண்டும்.