பதினெட்டு டிகிரி துரைசிங்கம்

மண்டபத்துக்குள் நுழைந்ததும் துரைசிங்கம் ஐயா முதலில் கும்பிடுவது மேடையில் இருக்கும் நடராஜரை அல்ல. சுவரில் பதினெட்டு என்று காட்டும் எண்ணை. பிறகுதான் நடராஜர். அதன்பின் கோட்டுப் பையைத் தட்டி, ரிமோட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். கோல சிலாங்கூர் வெயிலில் கோட்டுப் போட்டுத் திரியும் ஒரே மனிதர் அவர்தான்.

ஓய்வுபெற்ற என்ஜினியர்; எங்கள் கலை மண்டபக் கமிட்டித் தலைவர். மின்விசிறிகள் கடகடக்கும் சத்தத்தில் தம்புரா கேட்கவில்லை, வியர்வையில் பொட்டு மூக்குக்கு இறங்குகிறது என்று நாங்கள் முணுமுணுத்தது உண்மைதான். அதற்காக மனிதர் ஐந்து வருடம் கமிட்டியில் மல்லுக்கட்டி, விசிறிகளைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, புதுக் குளிர்சாதனம் கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து ஊர் ஜனம் கச்சேரிக்குச் சுவெட்டரோடு வருகிறது. பொன்னாடை போர்த்தப்பட்டவர்கள் வீடு போய்ச் சேரும்வரை அதைக் கழற்றுவதில்லை.

சூட்டை அளக்கும் கருவியைப் பின்சுவரில் வைக்கச் சொன்னான் கம்பெனிக்காரன். ஐயா விடுவாரா? "சூடு சம்பந்தப்பட்டது அக்கினி மூலையிலதான் இருக்கோணும்" என்று மேடையின் தென்கிழக்கில் பொருத்தவைத்தார். குத்துவிளக்கு நிற்பதும் அதே மூலைதான், அதே காரணத்துக்காக. விளக்கை ஏற்றியதும் மண்டபமே பற்றி எரிகிறது என்று கருவி பதறும்; மேலிருந்து காற்று சீறும்; விளக்கு அணையும். மூன்று விழாக்களில் இப்படி ஆயிற்று. "திரி சரியில்லை" என்று மூன்று முறையும் ஐயா சொல்லிவிட்டார்.

போன சனிக்கிழமை ரூபிணியின் அரங்கேற்றம். பதினோரு வருடம் ஆடிப் பழகிய பிள்ளை. ஆரம்பிக்கும் முன் அவள் அம்மா பிரேமளா ஐயாவிடம் வந்து கண் கலங்கி நின்றார்.

"அங்கிள், பாதியில விளக்கு அணைஞ்சா எங்க மாமியார் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. ரெண்டு மணி நேரம் ஆஃப் பண்ணிடுங்க லா."

"ஆஃப் பண்ணவோ அஞ்சு வருஷம் சண்டை பிடிச்சனான்?"

"அப்ப விளக்கையாச்சும் அந்தப் பக்கம் தள்ளி வைக்கலாமா?"

"அக்கினி மூலையை மாத்த ஏலாது, பிள்ளை."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரிமோட்டைப் பிடுங்கி ஆற்றில் வீசியிருப்பேன்.

அலாரிப்பு தொடங்கியது. காற்றும் தொடங்கியது. ஐந்து திரியும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்தன. ஒன்று அணைந்தது, பிறகு இன்னொன்று. ரூபிணியின் கண் விளக்குக்கு ஓடியது. கால் ஒரு தட்டுப் பிந்தியது. முன்வரிசையில் என் பக்கத்திலிருந்த ஐயா எழுந்தார். கை கோட்டுப் பைக்குள் போயிற்று. அப்பாடா, மனிதர் இளகிவிட்டார் என்று நினைத்தேன்.

கை வெறுமையாக வெளியே வந்தது. கோட்டைக் கழற்றினார். மேடையோரம் ஏறி, விளக்குக்கும் காற்றுக்கும் நடுவே அதை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். மிஞ்சிய மூன்று திரிகளும் நிமிர்ந்தன. தில்லானா முடியும் மட்டும், ஒன்றே முக்கால் மணி நேரம், அரைக்கைச் சட்டையோடு பல் கிட்டிக்க அப்படியே நின்றார். ரிமோட் கோட்டுப் பையில், அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, ஆடிக்கொண்டிருந்தது.